கால் நனையாத கல்வி

நம் பள்ளிக்கூடங்களைக் குறை சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று ஒரு நடை மதுரைக்கு வந்து போக வேண்டும். ஆற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் இந்த ஊர் அடைந்திருக்கும் தேர்ச்சி அப்படிப்பட்டது. வகுப்பறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு கிடக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளையின் ஒரு விரல்கூட ஈரமாகாமல், வருஷநாட்டு மலையில் தொடங்கி ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை, 258 கிலோமீட்டர் வைகையையும் நாற்பது நிமிடத்தில் நடத்தி முடித்து, மணி அடிப்பதற்குள் கேள்வி பதிலையும் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். வைகைத் தண்ணீரே இத்தனை வேகத்தில் ராமநாதபுரம் போய்ச் சேர்ந்ததில்லை. பல வருஷம் போய்ச் சேர்ந்ததே இல்லை.

நான் சொல்லவரும் பள்ளியின் பெயர் வேண்டாம். புகழை விரும்பாதவர்கள்; விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். வைகைக் கரையை ஒட்டியே கட்டடம். இரண்டாவது மாடியில் நின்றால் ஆறு அப்படியே தெரியும். பாடம் நடக்கும்போது பிள்ளைகள் எருமை குளிப்பதை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று புகார் வந்ததும் நிர்வாகம் தாமதிக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்து, தகரத்தின்மேல் ‘நதிகளைக் காப்போம்’ என்று ஆளுயர எழுத்தில் எழுதிவிட்டார்கள். ஒரே தகரத்தில் கவனச் சிதறலும் தீர்ந்தது, விழிப்புணர்வும் வந்தது.

அங்கே நடந்த நதித் திருவிழாவுக்கு என்னை ஓவியப் போட்டியின் நடுவராக அழைத்திருந்தார்கள். குளிரூட்டிய அரங்கம். மேடையை அடைத்து ஃப்ளெக்ஸில் ஓர் அருவி. ஓரத்தில் பனி மூடிய சிகரம் தெரிந்ததால் குற்றாலம் இல்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். விருந்தினர் ஒவ்வொருவர் முன்பும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், பிளாஸ்டிக் பையில் ஒரு மரக்கன்று. கங்கை, யமுனை, கோதாவரி, காவிரி என்று பிள்ளைகள் நீலப் புடவை சுற்றிக்கொண்டு வரிசையாக வந்து, தங்கள் நீளத்தையும் கிளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் போனார்கள். வைகையாக வரவேண்டிய பிள்ளை மட்டும் கடைசி நேரத்தில் வரவில்லை. அன்று மேடையில் பாத்திரத்தோடு முழுக்கப் பொருந்தியது அந்த ஒரு நடிப்புதான்.

ஓவிய மேசைக்குப் போனேன். குவியல் குவியலாகப் படங்கள். எல்லாவற்றிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் நீல ஆறு, கரையில் ஒரு தென்னை, ஒரு குடிசை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து வரைந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது; எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். விலகி நின்றது ஒரே ஒரு படம். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆற்றை மண் நிறத்தில் தீட்டியிருந்தாள். நடுவில் ஒல்லியாக ஒரு கறுப்புத் தண்ணீர்க் கோடு. இந்தப் பக்கம் ஆகாயத்தாமரை, அந்தப் பக்கம் சீமைக் கருவேலம். ஏ.வி. பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே காயப்போட்ட சேலைகள், ஒரு மினி லாரி, அதைக் கழுவிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், அவர் காலடியில் எண்ணெய் படர்ந்து மிதப்பதைக் காட்ட ஊதாவும் பச்சையும் கலந்து ஒரு வட்டம்.

பொறுப்பாசிரியைக்கு முகம் சுண்டிப்போயிற்று. “ஆறுன்னா நீலம்னு எத்தனை தடவ சொல்லிருக்கேன்?” என்றார்.

“எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து பாத்தா இப்படித்தான் மிஸ் இருக்கு.”

“நீ பாத்ததையா வரையச் சொன்னோம்? தலைப்பு என்ன? நதி. நதியை வரை.”

பல காலம் இந்தப் பணியில் ஊறியவருக்கே வரக்கூடிய தெளிவு இது. பார்த்ததை வரைய விட்டால் இன்று லாரியோடு நிற்கும், நாளைக்கு லாரி யாருடையது என்று அதன் நம்பரையும் எழுதும். முதல் மூன்று பரிசும் நீலத்துக்கே போயின. விதிமுறையில் ‘தூய்மை’ என்று ஒரு தலைப்பும் அதற்குப் பத்து மதிப்பெண்ணும் இருந்தன.

அடுத்த அறையில் மாதிரிக் கண்காட்சி. தெர்மாகோலில் மலை, தெர்மாகோலில் அணை, நடுவில் நீலக் கண்ணாடிக் காகிதத்தில் ஆறு. பாதியைப் பிள்ளைகளின் அப்பாக்களும் மீதியைக் கடைக்காரர்களும் செய்திருந்தார்கள். கையால் செய்து கற்க வேண்டும் என்று கல்வியாளர்கள் தொண்டை வறளக் கத்தியதற்கு இங்கே பலன் கிடைத்திருக்கிறது. யாருடைய கை என்று அவர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

தெர்மாகோலை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1959இல் திறந்த வைகை அணையில், 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாகாமல் காக்கவென்று அமைச்சரும் அதிகாரிகளும் நேரில் போய்த் தெர்மாகோல் அட்டைகளை நாடாவால் ஒட்டி மிதக்கவிட்டது நாடறிந்த சங்கதி. காற்று அடித்தது. அட்டைகள் கரை ஒதுங்கின. ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை: கண்காட்சி அறையில் மாதிரியை வைத்ததும் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். தெர்மாகோல் ஆற்றில் காற்றே கிடையாது. படித்த பாடத்தை அன்று பிசகில்லாமல் செய்துகாட்டினார்கள். அணைதான் பாடத்தைப் படித்திருக்கவில்லை.

இந்தக் கட்டுக்கோப்புக்கு ஒரு சமயம் ஆபத்து வந்தது. புதிதாகச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர், இளைஞர், எட்டாம் வகுப்பை ஆற்றுக்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்த அனுமதி கேட்டு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். வெடிகுண்டைக் கைப்பற்றிய போலீஸ்காரரின் பெருமிதத்தோடு தாளாளர் அதை என்னிடம் எடுத்துக் காட்டினார். படித்துப் பார்த்தபோதுதான், எவ்வளவு பெரிய விபத்திலிருந்து பிள்ளைகளை அவர் காப்பாற்றியிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

முதல் வேலையாக ஆரஞ்சுத் தோலைத் தண்ணீரில் போட வேண்டுமாம். கரையோரம் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, மேல் குச்சியருகே தோலைப் போட்டு, கீழ்க் குச்சிக்கு வந்துசேர எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். 25 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 40 சென்டிமீட்டர். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட விரைந்து ஓடும் என்பதால் அதை 0.85ஆல் பெருக்க வேண்டும். பிறகு மீட்டருக்கு ஓரிடமாகக் கம்பு ஊன்றி ஆழம் பார்க்க வேண்டும். ஓடும் தண்ணீர் 8 மீட்டர் அகலம், சராசரி 30 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 816 லிட்டர். கன அடியில் ஏறக்குறைய 29. பெருக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு பொருட்டில்லை.

விபரீதம் அதற்கு அப்புறம். மதுரையில் எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் வைகை அணையிலிருந்து இத்தனை கன அடி திறப்பு என்று ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். ராசிபலனுக்குப் பக்கத்தில் அதையும் படித்துவிட்டுப் பெரியவர்கள் மடித்து வைத்துவிடுகிறார்கள். தன் கையால் 29 கன அடி அளந்துவிட்டு வந்த பிள்ளை அப்படி மடித்து வைக்குமா? அங்கே திறந்தது இவ்வளவு, இங்கே வந்தது இவ்வளவு, வழியில் வயலுக்குப் போனது எத்தனை, மணலில் இறங்கியது எத்தனை, ராத்திரியில் மோட்டார் வைத்து உறிஞ்சியது எத்தனை என்று கேட்கும். அப்பா நீர்வளத் துறையில் இருந்துவிட்டால் அந்த வீட்டில் யார் நிம்மதியாகச் சோறு உண்பது? அதோடு விடுமா? இந்தத் தண்ணீரில் வைகை எவ்வளவு, பெரியாறு எவ்வளவு என்றும் கேட்கும். மேற்கே பாய்ந்த பெரியாற்றைப் பென்னிகுக் 1895இல் கட்டி முடித்த அணை மறிக்க, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர் கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது என்பதை அப்புறம் விளக்கியாக வேண்டும். ‘வைகை எங்கு உற்பத்தியாகிறது?’ என்பது ஒரு மார்க் கேள்வி. ‘வருஷநாடு’ என்று எழுத ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். கேரளம் வரை நீளும் விடைக்கு அந்தக் கோட்டில் இடமில்லை.

இரண்டாவது, ஒரு வாளி மணல். காய்ந்த ஆற்று மணலை வாளி நிறைய எடுத்து, வழியும்வரை டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி எண்ண வேண்டும். நிறைந்து கிடக்கும் வாளிக்குள் மேலும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். மணல் என்பது தண்ணீர்த் தொட்டி என்று நூறு தடவை எழுதவைத்தாலும் ஏறாதது, கை மணிக்கட்டுவரை நனைந்தால் ஏறிவிடும். ஏறினால் என்ன ஆகும்? ஒரு யூனிட் 100 கன அடி. இரண்டு யூனிட் லாரி ஒன்று போனால் 200 கன அடி மணல் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டால், சுமார் 1,900 லிட்டர் தண்ணீர் தங்கும் இடம் அந்த லாரியோடு போகிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பதின்மூன்று வயதுப் பிள்ளை, வீடு கட்டும் ஒவ்வொரு தெருவிலும் கொட்டிக் கிடக்கும் மணலைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும். பள்ளியின் புதிய கட்டடத்துக்கு அப்போது அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றுக்குப் போகாததை வைத்து மதுரைப் பிள்ளைக்கு ஆற்றுயிர் எதுவும் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அயிரை மீன் தெரியும். குழம்பில் பார்த்திருக்கிறது. அது மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீன், மணல் போனால் அது எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டலுக்கு என்று டாண் என்று பதில் வரும்.

மூன்றாவது, வலை. இதுதான் உச்சம். கொசுவலைத் துணியை ஒரு சட்டத்தில் கட்டி, நீரோட்டத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னாலிருக்கும் கல்லையும் மண்ணையும் காலால் கிளறிவிட வேண்டும். கல்லடியில் ஒட்டிக்கிடப்பவை வலைக்குள் வந்து விழும். அவற்றை வெள்ளைத் தட்டில் கொட்டிக் குனிந்து பார்க்க வேண்டும். வயிற்றோரம் இறகுபோன்ற செவுள்கள் படபடக்க, பின்னால் மூன்று வால்முடி நீட்டிக்கொண்டு மே ஈயின் இளம்பூச்சி ஓடினால் தண்ணீர் நல்ல தண்ணீர். மணலையும் குச்சித் துணுக்கையும் ஒட்டித் தனக்கொரு கூடு செய்து, அந்தக் கூட்டையே இழுத்துக்கொண்டு நகரும் புழு கிடைத்தால் அதுவும் நல்ல சேதி. தும்பியின் இளம்பூச்சி கிடைத்தால் பரவாயில்லை எனலாம். தட்டு முழுக்கச் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் முடிந்தது கதை. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் வகையைச் சேர்ந்ததுதான். பிராணவாயு அற்றுப்போன சாக்கடையிலும், இருக்கும் கொஞ்சத்தை அது பிடித்துவைத்துக்கொண்டு உயிர் வாழும். மற்றவை செத்துப்போன இடத்தில் அது மட்டும் பெருகும். ஜப்பானில் 1980களிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஆற்றில் இறங்கி இப்படிப் பூச்சி பார்த்துத்தான் தண்ணீரைத் தரம் பிரிக்கிறார்கள்; அரசாங்கமே அதைச் செய்யச் சொல்லித் தொகுத்தும் வைக்கிறது. ஜப்பான்காரர்களுக்கு வேறு வேலை கிடையாது.

சிவப்புப் புழுவைப் பார்த்த பிள்ளைகள் சும்மா வீடு திரும்புவார்களா? “இன்னுங் கொஞ்சம் மேல போய்ப் போட்டுப் பாப்போம் சார்” என்பார்கள். மேலே போகப் போகப் புழு குறையும். எந்த இடத்தில் குறைகிறது என்று தேடினால் அங்கே ஒரு குழாய் ஆற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பள்ளியைப் பொறுத்தமட்டில் அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஆண்கள் கழிப்பறைக்குப் பின்புறத்திலிருந்து வருகிறது. திட்டத்தின் அந்தப் பக்கத்தில் மட்டும் தாளாளர் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவர் சொன்ன காரணம் வேறு, அதிலும் நியாயம் இருந்தது. “ஒரு பிள்ளைக்கு ஒண்ணுன்னா யார் சார் பதில் சொல்றது? எச்.எம்.மை சஸ்பெண்ட் பண்ணுவாங்க, என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க.” மறுக்க முடியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் மட்டும் இறங்குவது, முந்தின நாளே தடம் பார்த்து வைப்பது, அணையில் திறப்பு உண்டா என்று காலையில் கேட்டுக்கொள்வது, குறுக்கே கயிறு கட்டி நீச்சல் தெரிந்த பெரியவர்களை மேற்புறமும் கீழ்ப்புறமும் நிறுத்துவது என்று அந்த இளைஞர் ஒரு பக்கம் நிறைய எழுதித்தான் இருந்தார். அத்தனையும் வேலை. பூட்டு சுலபம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். ஆழம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்த்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை அல்லவா? ஆற்றில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி அடிக்கடி வருகிறது. மணல் அள்ளிய பள்ளம், லீவு நாள், கூடப் பெரியவர்கள் இல்லை என்ற மூன்றும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. பள்ளத்தைத் தோண்டியது பள்ளி இல்லை. லீவு நாளுக்கும் பள்ளி பொறுப்பில்லை. கலங்கல் தண்ணீரில் அடி தெரியாது, மேலே அமைதியாக இருக்கிற இடத்தில்தான் கீழே குழி இருக்கும் என்று யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காததும் எந்தச் சட்டத்தின்படியும் குற்றமில்லை. பள்ளியின் பதிவேடு பால் வெள்ளை.

தவிர, வைகைக் கரைக்குக் களப்பணி என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையில் புராணச் சான்றே உண்டு. வெள்ளம் வந்தது, கரை அடைக்க வீட்டுக்கொரு ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். வந்திக் கிழவிக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாகச் சிவபெருமானே வந்தார். வந்தவர் மண்ணைச் சுமந்தாரா என்றால், கொஞ்சம் சுமந்தார், மீதி நேரம் ஆடினார், பாடினார், தண்ணீரில் குதித்தார், படுத்துத் தூங்கினார். இன்றைய பயிற்சிப் பட்டறைகளில் இதற்கு அனுபவவழிக் கற்றல் என்று பெயர். பாண்டியன் பிரம்பை எடுத்தான். கடவுளுக்கே முதுகில் விழுந்தது என்றால் எட்டாம் வகுப்பு பி பிரிவு எந்த மூலைக்கு? ஆவணியில் புட்டுத்தோப்பில் இதை வருஷா வருஷம் திருவிழாவாக நடத்திக் காட்டுகிறார்கள். அந்த அடி பாண்டியன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது என்று கதையில் ஒரு பின்பகுதி வரும். அது நம் பாடத்திட்டத்தில் இல்லை.

காவிரிக் கரைக்காரர்கள் இன்னும் மோசம். ஆடிப் பதினெட்டுக்குச் சின்னச் சின்ன மரச் சப்பரங்களைக் கயிறு கட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஆற்றங்கரைவரை இழுத்துப்போகச் சொல்வார்கள். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ்கூட இல்லாத பாட்டிகள் முன்நின்று நடத்துவது. எந்த வருஷம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று படியைக் காட்டிச் சொல்லித்தருவார்கள். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, இடைவேளை மணிகூட இல்லை. மதுரையிலும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து பிள்ளைகள் வைகையில் தண்ணீரைப் பார்த்துவிடுகின்றன. நல்ல வேளையாக அன்று உள்ளூர் விடுமுறை.

வெளியே கூட்டிப்போய்க் கற்பிப்பவர்களை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு வடக்கே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விடையைச் சொல்லித்தராமல் பிள்ளைகளே சோதனை செய்து பார்ப்பது, வயலுக்கும் ஓடைக்கும் போய்ச் செடியும் மண்ணும் பூச்சியும் சேகரிப்பது, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே பரீட்சை எழுதுவது. நாட்டின் பெரிய விஞ்ஞானிகளெல்லாம் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். மாவட்டங்கள் பலவற்றுக்கும் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கும் பரவி, முப்பது வருஷம் தாக்குப்பிடித்துவிட்டது. 2002இல் மாநில அரசு சுதாரித்துக்கொண்டு இழுத்து மூடியது. நதியை மறந்துவிட்டார்கள் என்று யாரும் பழி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, 2022இல் ஊருக்கே நர்மதாபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஓடைக்குப் போகும் பிள்ளை இல்லை. ஆனால் பெயர்ப்பலகையில் நதி இருக்கிறது. இதைவிட நிறைவான பரிமாற்றம் கல்வித் துறையில் நடந்ததில்லை.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. கட்டாயம் என்ற பகுதியை நம் பள்ளிகள் உடனே பிடித்துக்கொண்டன. பின்னாலேயே பசுமைப் படை வந்தது, சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன, பச்சைத் தொப்பி வந்தது, பதிவேடு வந்தது. அந்தப் பள்ளியின் மன்றப் பதிவேட்டை நானே புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம், ஒரு பேரணி, ஒரு உறுதிமொழி. பேரணி பள்ளி வாசலில் கிளம்பி, ஆற்றுக்கு நேர் எதிர்த்திசையில் போய், பள்ளிக்கே திரும்பி வந்துவிடும். போக்குவரத்துக்கு அதுதான் வசதி.

இந்தக் கல்வியின் பலனை ஊர் முழுக்கக் காணலாம். மதுரைக்குள்ளேயே கிருதுமால் என்று இன்னொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் கிருதுமால் நதி எங்கே என்று கேட்டால் தெரியாது என்னும். சாக்கடை எங்கே என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதே ஆற்றைக் காட்டும். ஆறு தொலைந்த துக்கம் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் வராது. இருந்ததாகத் தெரிந்தால் அல்லவா தொலைந்ததாகத் தெரிய? இப்படித் துக்கமில்லாமல் வளர்ந்தவர்கள்தான் பெரியவர்களாகி, வைகையின் இரு கரையிலும் கான்கிரீட் சுவர் எழுப்பிச் சாலை போட்டு, ஆற்றை ஒரு வரம்புக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள். ஓவியத்தில் இரண்டு நேர்க்கோடு போட்டு நடுவில் நீலம் தீட்டியே பழகிய கைக்கு, சுவர் இரண்டும் எவ்வளவு நேராக வந்திருக்கின்றன பாருங்கள். நீலத்துக்குத்தான் இன்னும் டெண்டர் விடவில்லை.

அந்த இளம் ஆசிரியர் இப்போது அங்கே இல்லை. சொந்த ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். திட்டத்தைத் தாளாளர் வீணாக்கவில்லை. அட்டைப் படம் மாற்றி, ஆரஞ்சுத் தோலையும் குழாயையும் எடுத்துவிட்டு, பள்ளிச் சேர்க்கைக் கையேட்டில் ‘இயற்கையோடு இணைந்த கற்றல்’ என்ற தலைப்பில் அச்சிட்டுவிட்டார். கட்டணமும் அதற்கேற்பக் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கையேட்டைப் படித்த பெற்றோர் சிலர், பிள்ளைகளை ஒரு தடவையாவது ஆற்றுக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நிர்வாகம் மனமிரங்கி, இந்த வருஷம் நதிக் களப்பயணம் ஏற்பாடு செய்துவிட்டது. இடம், ஊருக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பூங்கா. அங்கே ‘லேஸி ரிவர்’ என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஆழம் எங்கும் மூன்று அடி. குளோரின் போட்ட தண்ணீர். மணல் இல்லை, ஆகையால் யாரும் அள்ளவும் முடியாது. புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்துவிடுவதால் உற்பத்தியாகும் இடம் எது, கலக்கும் இடம் எது என்ற தகராறு இல்லை; இரண்டு மாநில அரசுகளும் தலையிடத் தேவையில்லை. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தினால் நின்றுவிடும். முக்கியமாக, அடியில் நீல ஓடு பதித்திருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்துவிட்டது. பஸ், நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டணம் போட்டு, கீழே ஒரு குறிப்பும் இருக்கிறது: திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் ‘நான் கண்ட ஆறு’ என்ற தலைப்பில் பதினைந்து வரி எழுதித் தர வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது.